பழைய துப்பாக்கி, புதிய வம்பு

குடகில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி மலிவாக விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் நம்மவர் சிலருக்குச் சபலம் தட்டுகிறது. வாங்கிப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் காடை, கவுதாரி சுடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த ஆசை வேண்டாம்.

"குடகர்கள் லைசென்சு இல்லாமலே வைத்திருக்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் வெள்ளையர் காலம் தொட்டு அந்தச் சலுகை உண்டு. கைல் முகூர்த்த விழாவில் துப்பாக்கிக்குப் பூசை செய்யும் மக்கள் அவர்கள். 2019-ல் மத்திய அரசு சலுகையை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால், சலுகை ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. அது உங்கள் கைக்கு வர வேண்டுமானால் முதலில் லைசென்சு வேண்டும். லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

"நூறு வருஷத்துப் பொருளுக்கு என்ன சட்டம்?" என்பது அடுத்த சமாதானம். பழம்பொருளுக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுடாது என்ற நிலையில் அது இருக்க வேண்டும். புதுப்பித்துச் சுட நினைப்பவருக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்?

புதுப்பிப்பதும் விளையாட்டல்ல. அக்ரூட் மரக்கட்டையை மெல்லத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசலாம். குழலைத் துருப்போகத் தேய்த்தால் இரும்பு மெலியும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்து விரலைக் கொண்டுபோகும். பட்டறைக்காரர் பழுதுபார்க்கவும் தனி லைசென்சு வேண்டும். இல்லையென்றால் அவரும் உங்களோடு கோர்ட்டு ஏற வேண்டியதுதான்.

லைசென்சே கிடைத்தாலும் சுடுவதற்குப் பறவை ஏது? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காடை, கவுதாரி, கொக்கு, நாரை எதையும் வேட்டையாடக் கூடாது.

மாதச் சம்பளக்காரர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், தானாகவே தற்காலிக வேலைநீக்கம் ஆனவராகக் கருதப்படுவார். வெளிமாநிலத்தில் வழக்கு, ஊரில் குடும்பம், கையில் சம்பளம் இல்லை. ஒரு காடைக் கறிக்கு இவ்வளவு விலையா?

தந்தை வழியில் துப்பாக்கி வந்தவர்கள், போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற கடையிலோ அதை ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பெயருக்கு மனுச் செய்வதே முறை. பறவை ஆசை உள்ளவர்களுக்குச் சீரங்கப்பட்டணம் அருகே ரங்கனதிட்டு இருக்கிறது. பறவை அறிஞர் சலீம் அலியின் யோசனைப்படி 1940-ல் சரணாலயமான இடம் அது. அவரே சிறுவயதில் ஏர்கன்னால் குருவி சுட்டவர்தான். அவரைப் பறவை ஆராய்ச்சிக்கு இழுத்து வந்ததும் அப்படிச் சுட்ட ஒரு குருவியே. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். நாரைகளைக் கண்குளிரப் பார்க்கலாம், லைசென்சு தேவையில்லை.