சேலையின் நிறமும் காமிராவின் கணக்கும்

ஆரணிப் பட்டு இன்று கடைப் பலகையில் மட்டுமன்றிக் கைப்பேசியின் திரையிலும் விரிக்கப்படுகின்றது. வாங்குவோர் நூலைத் தொட்டுப் பார்ப்பதற்கில்லை. படம் ஒன்றே அவருக்குச் சாட்சி. அச்சாட்சி பொய்த்தால் சேலை திரும்பி வரும். அனுப்பிய செலவு சங்கத்தின் தலையில் விழும். ஆகவே படத்தின் ஒளியளவு அங்கத்தினர்கள் கருத்தூன்ற வேண்டிய விஷயமாகும்.

காமிரா எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் என்பர் சிலர். அது பாதி உண்மையே. அதனுள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பது வேட்டியா கறுப்புக் கம்பளியா என்று அறியாது. எப்பொருளும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமே என்று கணக்கிடும். அதனால் வெள்ளை வேட்டி அழுக்கேறியதுபோல் மங்கும். கருநீலப் பட்டு சாயம் போனதுபோல் வெளுக்கும். புதிய கைப்பேசிகள் ஓரளவு ஊகிக்கின்றன. ஊகம் தவறுவதும் உண்டு.

கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியின் சுடரைப் படம் பிடித்தவர்கள் இதனைக் கண்டிருப்பர். சுற்றிலும் இருளையே காணும் காமிரா ஒளியைக் கூட்டிவிட, தீபம் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

பரிகாரம் எளிது. வெள்ளைத் துணிக்கு ஒளியைக் கூட்டுக, கருந்துணிக்குக் குறைத்திடுக. பல கைப்பேசிகளில் திரையில் துணியைத் தொட்டால் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தினால் போதும். காமிராவில் கூட்டல் 1 என வைத்தால் ஒளி இரு மடங்காகும். ஜரிகைக்கோ தனிக் கவனம் வேண்டும். மிகை ஒளியில் ஜரிகை முற்றும் வெளுத்துவிட்டால், அவ்விடத்து வேலைப்பாட்டைப் பின்னர் மீட்க இயலாது; சற்று இருண்ட பகுதியையோ ஓரளவு தெளிவாக்கலாம்.

பயிர்செய்வோருக்கும் இதில் பங்குண்டு. நிலக்கடலை இலையைப் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்புகிறோம். மிகை ஒளியில் நல்ல பச்சையிலையும் மஞ்சள் பூத்ததுபோல் தோன்றும். குறை ஒளியில் டிக்கா நோயின் புள்ளிகள் மறையும். மருந்துச் செலவு வீணாவது அதன் பின்னரே தெரியும்.

விலையுயர்ந்த காமிராவுக்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாத வடக்குத் திண்ணை ஒன்றும், ஒளியை அளந்து கொள்ளச் சாம்பல் நிற அட்டை ஒன்றும், பழகிய அங்கத்தினர் ஒருவரும் போதும். படத்தை நெய்தவரே துணியின் அருகில் வைத்து ஒப்பிட்டு, நிறம் சரியெனச் சம்மதித்த பின்னரே அது விற்பனைக்குச் செல்லுதல் வேண்டும்.