எல்லாமே 'சோதனை' அல்ல!



மகன் பரீட்சையில் தவறிவிட்டான். 'அல்லாஹ்வின் சோதனை' என்கிறோம். கடைத் தராசில் முத்திரை காலாவதியாகிவிட்டது, அதிகாரி அபராதம் போட்டார். அதுவும் 'சோதனை'. டிசம்பர் 6 நெருங்கினால் ரயில் நிலையங்களில் பைகளைக் கிளறுகிறார்கள். அதற்கும் ஒரு பெருமூச்சு, அதே சொல். தமிழில் 'சோதனை' என்ற ஒரே சொல்லுக்குள் இறைவனின் சோதனை, போலீஸ் சோதனை, இரத்தப் பரிசோதனை, எடை சோதனை எல்லாம் அடங்கிவிடுகின்றன. சொல் ஒன்றாக இருப்பதால் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லப் பழகிவிட்டோம். பொறுத்துக்கொள்ள வேண்டியதை எதிர்க்கிறோம். எதிர்க்க வேண்டியதைப் பொறுத்துக்கொள்கிறோம். தயாராக வேண்டியதற்குத் தயாராகாமல் துஆ மட்டும் கேட்கிறோம். இந்தக் குழப்பத்திற்கு நம் சமுதாயம் கொடுத்துவரும் விலை கொஞ்சமா?

பாக்தாதில் நடந்த இரண்டு பரீட்சைகள்

மதரஸாவில் நடக்கும் பரீட்சைக்கு 'இம்திஹான்' என்று பெயர். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'மிஹ்னா'. கி.பி. 833ல் கலீஃபா மஃமூன் தொடங்கிய விசாரணைக்கு வரலாறு இட்ட பெயர் அது. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஒப்புக்கொள்கிறீரா என்று மார்க்க அறிஞர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) ஒப்புக்கொள்ளவில்லை. சிறையில் அடைத்தார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் சவுக்கால் அடித்தார்கள். அவர் பணியவில்லை.

அதே பாக்தாதில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 931ல், இன்னொரு பரீட்சை நடந்தது. மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி இறந்துபோன செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித்திடம் தேர்ச்சி பெறாத எவரும் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார். எண்ணூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் பரீட்சிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஊர் ஒன்று. ஆட்சி ஒன்று. முதலாவது, மனசாட்சியின் மீது அதிகாரம் தொடுத்த போர். இரண்டாவது, மக்களின் உயிரைக் காக்க வந்த ஒழுங்கு. முதலாவதன் முன் இமாமைப்போல் உறுதியாக நிற்க வேண்டும். இரண்டாவதற்குப் படித்துத் தயாராக வேண்டும். இந்த வேறுபாடு தெரியாத சமுதாயம் இரண்டிலும் தோற்கும்!

படிப்பில் வரும் பரீட்சை

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவையில் 'பிரவே' தேறியவருக்கும் 'பாக்கலோரெயா' தேறியவருக்கும் இருந்த மதிப்பை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தச் சான்றிதழோடு சைகோன் வரை உத்தியோகம் பார்க்கப் போனவர்கள் உண்டு. அதே சைகோனுக்கு நம்மவர் பலரும் போனார்கள், வியாபாரத்திற்காக! வியாபாரம் ஹலாலான, உயர்ந்த தொழில். அதில் குறையேதும் இல்லை. ஆனால் 'படிப்பு வராவிட்டால் கடை இருக்கிறது, கடை சரிவராவிட்டால் வளைகுடா இருக்கிறது' என்ற மனப்பான்மை அன்றே வேர்விட்டதோ என்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

1962ல் இந்தியாவுடன் சட்டப்படி இணைந்த பின், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. இப்போது அதுவும் மாறிவிட்டது. அரசுப் பள்ளிகள் படிப்படியாகச் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2024-25ஆம் கல்வியாண்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும் அதன்கீழ் வந்துவிட்டன. ஜிப்மர் தனக்கென நடத்திவந்த எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வும் 2019ஓடு முடிந்தது. இனி அங்கும் நீட் தான். இந்த மாற்றம் நல்லதா, கெட்டதா என்று விவாதிக்க நமக்கு உரிமை உண்டு. நீட் தேர்வை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் நம் விவாதம் முடியும்வரை தேர்வுத் தேதி காத்திருக்காது சகோதரர்களே!

இருக்கிற வாய்ப்பையாவது முழுமையாகப் பயன்படுத்துகிறோமா? சென்டாக் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 10 சதவீத உள்ஒதுக்கீடு 2023ல் வந்திருக்கிறது. சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் விண்ணப்பிக்கும் நாளில் கையில் இல்லாவிட்டால் இவற்றால் என்ன பயன்? மதிப்பெண் இருந்தும் காகிதம் இல்லாமல் இடத்தை இழப்பது அல்லாஹ்வின் சோதனை அல்ல. அது நம்முடைய அலட்சியம்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

தேர்வு வாசலில் ஒரு சோதனை

நம் பெண்பிள்ளைகளுக்குத் தேர்வு அறைக்கு முன்பே இன்னொரு சோதனை காத்திருக்கிறது. 2015 மே மாதம் நடந்த அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் மின்னணுக் கருவிகளை வைத்து மோசடி நடந்தது. உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது. ஜூலை 25ல் மறுதேர்வு. மோசடி செய்தவர்கள் யாரோ. ஆனால் உடைக் கட்டுப்பாடு வந்து விழுந்தது நம் பிள்ளைகளின் தலைத்துணி மீது! உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. மூன்று மணி நேரம் தலைத்துணி இல்லாவிட்டால் நம்பிக்கை போய்விடாது என்ற கருத்தும் அங்கே வெளிப்பட்டது. அதே வாரத்தில் கேரள உயர் நீதிமன்றம் வேறு வழி காட்டியது. மனுச் செய்த இரு மாணவிகள் அரைமணி நேரம் முன்னதாக வரட்டும், பெண் அலுவலர் சோதிக்கட்டும், பிறகு தலைத்துணியோடே எழுதட்டும் என்றது. மறுதேர்வு நாளன்று கேரளத்தில் ஒரு கன்னியாஸ்திரீக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. ஆகவே இது முஸ்லிம்களின் பிரச்னை மட்டுமல்ல.

பின்னாளில், சமய உடை அணிந்து வருபவர்கள் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்று தேர்வு நடத்துவோரே விதி வகுத்தார்கள். மாணவிகள் வழக்குத் தொடுத்துக் காட்டிய வழியே விதியாகிவிட்டது. வீட்டில் அழுதுகொண்டு பொறுமை காத்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

போலீஸ் சோதனையும் கடைச் சோதனையும்

காவல்துறைக்குச் சோதனையிடும் அதிகாரத்தைச் சட்டம் தந்திருக்கிறது. அதே சட்டம் வரம்பும் விதித்திருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக. வீட்டிலோ கடையிலோ சோதனை என்றால் அக்கம்பக்கத்தார் இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருட்களின் பட்டியலை நமக்குத் தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி அதை ஒலி, ஒளிப்பதிவும் செய்ய வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வம்பு வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். ஆனால் இவற்றை அறிந்து, பணிவோடு, உறுதியோடு கேளுங்கள். தெரியாதவனிடம்தான் வரம்பு மீறல் எளிதாக நடக்கும்.

வணிகர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. போலீஸ் சோதனையில் நியாயம் கேட்கிற நாம், தராசுச் சோதனையில் நியாயமாக இருக்கிறோமா? பெரிய மார்க்கெட்டானாலும் நேரு வீதியானாலும், மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளிக்காட்டி வியாபாரியைக் கண்டித்தார்கள். சந்தையைச் சோதிப்பது நம் மார்க்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சோதனையை வரவேற்பவனே முஸ்லிம் வணிகன். அதிகாரி அநியாயம் செய்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. உணவு மாதிரி எடுத்தால் அதன் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்பக் கோரலாம். பகுப்பாய்வு அறிக்கையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியது

நோய், மரணம், வெள்ளம், புயல் - இவை வந்தால் 'இன்னா லில்லாஹி' என்று பொறுமை காப்போம். செல்வமும் சோதனைதான் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றவற்றுக்குச் செயல் வேண்டும். ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் மாலையில் ஓர் அறையையும் நல்ல விளக்கையும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். சென்டாக் விண்ணப்ப நாட்களில் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் அங்கே உட்காரட்டும். சான்றிதழ்களை முந்திய மார்ச் மாதத்திலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கடையில் வேலை செய்யும் பையன் தேர்வு எழுதுகிறானா? அந்த மாதம் அவனுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். அது உங்களுக்கு நஷ்டமாகாது.

கடைசியாக ஒரு பரீட்சை இருக்கிறது. இளமையை எதில் கழித்தோம், பொருளை எப்படி ஈட்டினோம், எதில் செலவிட்டோம் என்றெல்லாம் மறுமையில் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்பே அறிவித்துவிட்டார்கள். இளைஞருக்கு ஒரு கேள்வி, வணிகருக்கு இரண்டு. கேள்வித்தாள் நம் கையில் வந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகின்றன. பதிலை எழுதத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!