பாதி சுஜாதா

சுஜாதா இலக்கியவாதியா என்ற கேள்வி ஆண்டுதோறும் பிப்ரவரி 27ஐ ஒட்டி, அவர் மறைந்த நாளில், தவறாமல் எழுப்பப்படுகிறது. இரு அணிகளும் வழக்கமான ஆயுதங்களோடு வந்து சேர்கின்றன. ஒரு சாரார் ‘வாத்தியார்’ என்று உருகி, மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கின் முடிவைத் தேடப் போய்விடுவார்கள். மறு சாரார் வெகுஜனப் பத்திரிகை, தொடர்கதை, சினிமா என்று குற்றப்பத்திரிகை வாசித்து முடித்து, கடைசியில் பெருந்தன்மையோடு ஒரு சலுகை வழங்குவார்கள்: ஸ்ரீரங்கத்துக் கதைகள் மட்டும் நிற்கும். எங்கள் சண்டை இந்தச் சலுகையோடுதான்.

சலுகையின் தர்க்கம் எளிது. கீழச் சித்திரை வீதி, பாட்டி வளர்த்த பையன், ரங்கு கடை, தெருக் கிரிக்கெட் இவையெல்லாம் வாழ்க்கை, ஆகவே இலக்கியம். சிலிக்கான் சில்லு, கணிப்பொறி, மூளையின் அமைப்பு இவையெல்லாம் தகவல். ஆகவே வாசலுக்கு வெளியே. 1935இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார் என்பது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. அந்தப் படிப்பு அவருடைய உரைநடைக்குள் என்ன செய்தது என்று விமரிசகர் எவரும் மெனக்கெட்டுக் கேட்பதில்லை.

அது செய்தது நிறைய. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்துப் பழகிய கண்தான் ஒரு வீதியும் எப்படி இயங்குகிறது என்று பார்த்தது. எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், ஒரு வம்பு எந்த வீட்டில் கிளம்பி எந்த வழியாக எந்த வீட்டை அடைகிறது, ஒரு பையன் அணியில் சேர்க்கப்படவும் விலக்கப்படவும் என்ன காரணம் என்பவற்றை அவர் நினைவேக்கத்தால் எழுதவில்லை, ஆர்வத்தால் எழுதினார். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும் அந்தச் சிக்கனம் பொறியாளருடையது. ஸ்ரீரங்கத்தை ஏற்றுக்கொண்டு கணிப்பொறியை நிராகரிப்பவர், விளைச்சலை எடுத்துக்கொண்டு நிலத்தை வேண்டாம் என்கிறார்.

இவ்விரண்டும் வெவ்வேறல்ல என்பதற்கு ஆதாரம் ‘கணையாழி’யிலேயே இருக்கிறது. 1965இல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய அவ்விதழின் கடைசிப் பக்கத்தை எழுதத் தொடங்கியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ பெயரிலேயே ஊர் இருந்தது. பக்கத்திலோ புதுக்கவிதை, சினிமா, சங்கப் பாடல், விஞ்ஞானம், அன்றாடத்தின் அபத்தம் எல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. தாம் கண்டெடுத்ததை அடுத்தவருக்கு எடுத்து நீட்டும் இந்த வேலையை இன்று கைப்பேசியில் எல்லோரும் நாள்தோறும் செய்கிறோம். அவர் நீட்டியதோடு நிற்கவில்லை. அது தம்மை ஏன் பிடித்து நிறுத்தியது என்பதையும் நாலு வரியில் சொன்னார். நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையைப் பலர் கவனிக்கச் செய்ததும் இதே ஆர்வந்தான். கவிதைக்கு ஒரு சுஜாதா, கருவிக்கு ஒரு சுஜாதா என்று இரண்டு பேர் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அந்த இயந்திரத்தின் வரலாறே ஒரு நாவலுக்குரியது. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. வாக்குச்சீட்டைப் பற்றி மட்டுமே சட்டம் பேசுகிறது, பொத்தானைப் பற்றிப் பேசவில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004இல்தான் மக்களவைத் தேர்தல் முழுவதும் அதன்வழி நடந்தது. 2024இல் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்களுக்கு அது பொது. அதன்மீது நம்பிக்கையும் சந்தேகமும் இன்றும் மோதுகின்றன. இந்த மோதலுக்கு உள்ளிருந்த ஒரு தமிழ் எழுத்தாளரை நமது இலக்கிய விமரிசனம் நகைச்சுவையாளர் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டது.

இதனால் இழப்பு யாருக்கு என்று கேட்பவர்கள், காவிரியைக் கடந்து தஞ்சாவூர்ச் சாலையில் கிழக்கே வரட்டும். அரியமங்கலத்தைத் தாண்டினால் காட்டூர், அடுத்து திருவெறும்பூர். அருகே, 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்த பொன்மலை ரயில்வே பணிமனை. அந்தப் பக்கம், செக்கோஸ்லோவாகியா உதவியுடன் 1960களில் எழுந்த பாய்லர் பிளாண்ட், துப்பாக்கித் தொழிற்சாலை, 1964இல் துவாக்குடியில் தொடங்கி இன்று என்.ஐ.டி.யாக நிற்கும் பொறியியல் கல்லூரி. 2010இல் நவல்பட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. தாத்தா பொன்மலையில் லேத், அப்பா பெல்லில் வெல்டிங், பேத்தி கணினித் திரை முன் என்று மூன்று தலைமுறையாகக் கருவியோடு புழங்கும் குடும்பங்கள் இங்கே அபூர்வமல்ல. வேலை தேடிக் கிராமத்தைத் துறந்து வந்தவர்களின் ஏக்கத்தைத் தமிழ்க் கதை எழுதித் தீர்த்திருக்கிறது. வந்த இடத்தில் அவர்கள் நாற்பது ஆண்டுகள் கையாண்ட உலோகத்தைப் பற்றி எத்தனை பக்கம்?

காட்டூரின் அன்றாடம் இன்று முழுக்க இயந்திரத்தால் பின்னப்பட்டது. நான்குவழிச் சாலை வந்தபின் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். கடையை இழக்க விரும்பாதவர்கள் எதிர்த்தார்கள். இருதரப்பும் கைப்பேசியில் நிலவரைபடத்தை விரித்துவைத்து வாதாடக்கூடிய காலம் இது. டீக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி, வந்த பணத்தை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. யார் கடன் சொன்னார், யார் கொடுத்தார் என்ற பழைய ரகசியம் போயிற்று. 2020 முதல் ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தே ரேகை தேய்ந்துபோன ஒரு மூதாட்டி, தான் தானேதான் என்று ஒரு கண்ணாடித் துண்டிடம் நிரூபிக்க முயல்வதைவிடப் பெரிய நாடகம் எந்தக் காப்பியத்தில் இருக்கிறது? பின்னால் கருவிழிப் பதிவு வந்தது. அதற்கு முன் அவர் வெறும் பையோடு வரிசையில் நின்ற அந்தச் சில நிமிடங்கள் யாருடைய கதையிலும் இல்லை.

இரா. முருகனின் ‘மூன்று விரல்’ உண்டு, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ உண்டு என்று எடுத்துக்காட்டுவார்கள். உண்டுதான், மதிக்கிறோம். அவை மென்பொருள் தொழிலை எழுதின. நாங்கள் கேட்பது, தொழிலாக அல்லாமல் வீட்டுச் சாமானாக, தெருச் சண்டையாக, வயோதிகத்தின் அவமானமாக நுழைந்துவிட்ட கருவியைப் பற்றியது.

எழுத்தையே எடுத்துக்கொள்வோம். 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை ஒதுக்கியது. உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. ‘கொ’ என்பது ஒரு ககரமும் ஒரு குறியும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த ஏற்பாடு அது. சரியா தவறா என்று பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16ஐயும் தரங்களாக அறிவித்தது. எழுத்துக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிற்றிதழ்ப் பக்கங்களில் இந்த வழக்கு ஒரு பெரிய விவாதமாக எழுந்ததாக எங்களுக்கு நினைவில்லை. அது ‘கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம்.’

சுஜாதாவின் குறைகளை நாங்கள் மறைக்கவில்லை. அவசரம் அவரை விடவேயில்லை. பல தொடர்கதைகள் கடைசி அத்தியாயத்தில் மூச்சு வாங்குகின்றன. பெண்களை வருணிக்கும் இடங்களில் அந்தக் கண் பலமுறை சலிப்பூட்டுகிறது. விஞ்ஞானம் விளக்கம் பெறவேண்டிய இடத்தில் சிலசமயம் சாமர்த்தியமான வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவை அவர் எழுதிய முறையின் குறைகள். எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியத்துக்கு ஆகாது என்று இவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உழவைப் பற்றி மோசமான கதைகள் ஆயிரம் வந்திருக்கின்றன. அதற்காக ஏரை எவரும் விலக்கிவைக்கவில்லை.

பதிப்பாளர்களும் வாசகர்களும் அவரை வசதியாக அலமாரியில் பிரித்துவைத்துவிட்டார்கள்: இங்கே ஸ்ரீரங்கம், அங்கே அறிவியல், கீழ்த்தட்டில் கணேஷும் வசந்தும். பிரிக்க முடியாமல் நிற்பது ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’ தொகுப்பு ஒன்றுதான். 1965 முதல் 1998 வரை ஆண்டு வரிசையில் போகிற அந்தப் புத்தகத்தைப் பிடித்த இடத்தில் பிரிக்காமல் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கவிதைப் பகுதிகளை மட்டும் பென்சிலால் குறித்துவைத்திருப்பவர்கள், குறிக்காமல் விட்ட பக்கங்களை இம்முறை எங்களுக்காக ஒருதடவை பார்க்கட்டும்.