பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை

மலையகத்தைப் பற்றி எழுதுவோர் கொழுந்து பறிக்கும் கரங்களைப் பற்றி எழுதுவர்; கம்பெனிகளின் லாப நட்டத்தையும் சம்பளப் பேச்சுவார்த்தையையும் எழுதுவர். இவ்விரு தரப்புக்கும் நடுவே நின்று பிள்ளைக் காம்பராவையும் மருந்தகத்தையும் நடத்தி வருவோரின் மனநிலையை எண்ணிப் பார்ப்பார் அரியர்.

நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களிலே விடிந்ததும் பெண்கள் மலைக்குப் போய்விடுகின்றனர். இளைஞர் பலர் பிழைப்பு நாடிக் கொழும்பு சென்றுவிட்டனர். லயத்தில் எஞ்சுவோர் குழந்தைகளும் முதியோருமே. குழந்தைகளுக்குப் பிள்ளைக் காம்பரா உண்டு. பாரிசவாதத்தில் விழுந்து கிடக்கும் பாட்டனுக்கு என்ன உண்டு? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது வைத்தது. மகளோ கூடையுடன் மலையில் நிற்கிறாள். ஆகவே பாட்டனின் படுக்கைப் புண்ணும், நீரிழிவு மாத்திரையும், கிளினிக் துண்டும் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமே வந்து சேர்கின்றன. கட்டடமும் கட்டிலும் இல்லாத முதியோர் இல்லம் ஒன்றை அவர் நடத்துகிறார் எனலாம்.

அவருக்கு எசமானர் ஒருவரல்லர். 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. நலன்புரி வேலைகளுக்கென அவ்வாண்டே தோன்றிய அமைப்புத்தான் இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். சம்பளம் தருவது கம்பெனி, உத்தரவிடுபவர் துரை, பயிற்சி தருவது நிதியம், தடுப்பூசிக்கும் தாய்சேய் நலத்துக்கும் கணக்குக் கேட்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. நள்ளிரவிலே ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால் லயத்தார் தட்டுவது அவர் கதவை. தோட்டத்து லொறி புறப்படவோ துரையின் அனுமதி வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. 1990 அம்புலன்சும் வந்தது. ஆயினும் லயத்துக்கும் தார் வீதிக்கும் இடையேயுள்ள கல்ரோட்டை அவை குறுக்கிவிடவில்லை.

வேலைப்பளு மாத்திரம் மனிதனை வாட்டுவதில்லை என்றும், பளு மிகுந்து முடிவெடுக்கும் உரிமை குன்றிய இடத்திலேயே வாட்டம் மிகுகிறது என்றும் 1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் கராசெக் எடுத்துக் காட்டினார். 2019இல் உலகச் சுகாதார நிறுவனமும் தொழிற்சோர்வை நோயென்று கொள்ளாது, முறையாகச் சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவென்றே வரையறுத்தது. மலையகத்துக்கு இவ்விலக்கணம் எவ்வளவு பொருந்துகிறது!

இந்நெருக்கடியை இவர்கள் எவ்வாறு சமாளிக்கின்றனர்? சிலர் கோவில் திருவிழாக் கமிட்டியிலே மனத்தை ஆற்றுவர். சிலர் அயல்தோட்டத்து நண்பரிடம் தொலைபேசியிற் கொட்டித் தீர்ப்பர். பிள்ளைக் காம்பராவை நடத்தும் பெண் உத்தியோகத்தருக்கோ, வீடு திரும்பினால் அங்கும் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். இன்னுஞ் சிலர் கடுகடுப்பையே கவசமாக அணிந்துகொள்வர். "ஐயா ஏசுவார்" என்று மருந்தக வாசலில் தயங்கி நிற்கும் கிழவிக்கு அக்கடுகடுப்பின் மூலம் எங்கே தெரியப்போகிறது? தொழிலாளிக்கு இவர் 'ஐயா'. துரைக்கு வெறும் சிற்றூழியர்.

தியானப் பயிற்சியும் ஒருநாட் கருத்தரங்கும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவை முடிந்து அவர் திரும்புவது அதே மருந்தகத்துக்கே. லீவு நாளுக்கு ஒரு பதிலாள், அவசரத்துக்கு வாகனம் அனுப்பும் உரிமை, படுக்கையிற் கிடப்போரை வாரந்தோறும் பார்த்துவரப் பயிற்சிபெற்ற ஒரு பெண்: இவற்றால் எந்தக் கம்பெனியும் கவிழ்ந்துவிடாது. அடுத்த கூட்டொப்பந்தப் பேச்சிலே தோட்டச் சேவையாளரின் சங்கங்கள் சம்பளத்தோடு இவற்றையுஞ் சேர்த்துக் கேட்டால் என்ன?