செத்தவீடும் தொற்றுநோயும்

கனநாளாய் எழுதவேணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்டது. இண்டைக்கு எப்பிடியும் எழுதி முடிக்கிறன்.

2020 ஏப்ரலில, லண்டனில என்ரை பெரியம்மா கொரோனாவில மோசம் போனா. ஆஸ்பத்திரிக்குள்ள ஒருத்தரையும் விடேல்லை. கிரிமற்றோரியத்தில பத்துப்பேருக்குத்தான் இடம். மிச்சப்பேர் ஸூமில பார்த்து அழுதம். பெட்டி திறக்கேல்லை, வாய்க்கரிசி போடேல்லை. ஆனால் ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை. ஏன் எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினவை. எங்கடை ஐயரே போனில, “முதல்ல தகனத்தை முடியுங்கோ, அந்தியேட்டியைப் பிறகு ஆறுதலாய்ச் செய்யலாம்” எண்டு வழி காட்டினார். நாங்கள் வீட்டுக்குள்ள இருந்தது பொலிசுக்குப் பயந்து இல்லை, அந்தச் சொல்லை நம்பித்தான்.

2014 தொடக்கம் 2016 வரை மேற்கு ஆபிரிக்காவில எபோலா 11,000 பேருக்கு மேல கொண்டுபோனது. செத்த உடம்பைத் தொட்டாலே அந்தக் கிருமி தொத்தும். அங்க பிரேதத்தைக் கழுவித் தொட்டு அனுப்புறது வழக்கம். லைபீரியாவின்ரை தலைநகர் மொன்ரோவியாவில 2014 ஓகஸ்டில எல்லாரையும் எரிக்கச்சொல்லி உத்தரவு போட்டவை. என்ன நடந்தது? சனம் வருத்தக்காரரை வீட்டுக்குள்ள ஒளிச்சுது, இரவில களவாய்ப் புதைச்சுது. நோய் இன்னும் பரவிச்சுது. நவம்பரில உலக சுகாதார நிறுவனம் மதப்பெரியவையோடையும் கதைச்சு முறையை மாத்தினது. தூர நிண்டு பார்க்கலாம், பிரார்த்திக்கலாம், தண்ணி இல்லாமல் சுத்தம்செய்யிற இஸ்லாமிய முறையையும் சேர்த்தவை. வருசக் கடைசியில மொன்ரோவியாக்குப் பக்கத்தில அடக்கம் செய்யக் காணியும் எடுத்தவை.

இந்தப் பாடம் உலகத்துக்கே தெரிஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு எங்கடை நாட்டில என்ன செய்தவை? 2020 ஏப்ரலில, கொரோனாவில செத்தவை எல்லாரையும் எரிக்கவேணும் எண்டு சட்டம். நிலத்தடித் தண்ணியில கிருமி கலக்குமாம்! புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. டிசம்பரில 20 நாள் குழந்தையைக்கூட, தாய் தேப்பன் சம்மதிக்காமலே எரிச்சவை. 2021 பெப்ரவரியிலதான் சட்டத்தை மாத்தி, மார்ச்சில ஓட்டமாவடியில புதைக்க விட்டவை. 2024 யூலையில அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. எரிச்சதைத் திருப்பிக் குடுக்க ஏலுமோ?

அந்த நேரம் எங்கடை ஆக்கள் சிலபேர் என்னட்டைக் கேட்டவை: “எரிச்சால் என்ன, நாங்களும் எரிக்கிறம்தானே?” அப்ப நான் பேசாமல் இருந்திட்டன். அது என்ரை பிழை. பெரியம்மாவைப் புதைக்கத்தான் வேணும் எண்டு இஞ்ச ஆரும் சொல்லியிருந்தால் நாங்கள் சும்மா இருந்திருப்பமோ? 2009 இல செத்த பிள்ளையை அடக்கம் செய்யவும் நேரமில்லாமல் விட்டிட்டு ஓடின சனம் நாங்கள். எங்களுக்கு உது விளங்கவேணும்.

அடுத்த தொற்று எப்ப வருமெண்டு தெரியாது, ஆனால் வரும். ஊசியும் மருந்தும் வேணும்தான். அதுக்கு முதல் அந்தந்தச் சனத்திட்டைப் போய், “உங்கடை வழக்கம் என்ன, இதை எப்பிடிப் பாதுகாப்பாய்ச் செய்யலாம்?” எண்டு கேக்கவேணும். அதுக்குக் காசும் பெரிசாய் வேண்டாம். மரியாதை இருந்தால் காணும்.