8 ஜிபி கார்டு போதுமா? எந்த ரெசல்யூஷன்ல டெஸ்ட் பண்ணாங்கனு முதல்ல பாருங்க

2025 ஏப்ரலில் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை இரண்டு வகையில் இறக்கியது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். ஆனால் விமர்சகர்கள் கைக்கு முன்கூட்டியே போனது 16 ஜிபி மட்டும்தான். அடுத்த மாதமே ஏஎம்டியின் ஃபிராங்க் அஸோர், பெரும்பாலான கேமர்கள் ஆடுவது 1080பி-யில், அவர்களுக்கு 8 ஜிபி போதும் என்றார்.

முதல் பாதி சரி. ஸ்டீம் சர்வேயிலும் பாதிக்கு மேல் 1080பி-தான். இரண்டாவது பாதிதான் இடிக்குது. 2023-ல் பிசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1', அல்ட்ரா செட்டிங்கில் 1080பி-யிலேயே 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது.

1080பி-யில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது நான்கு மடங்கு. 5090 மாதிரி கார்டை 1080பி-யில் சோதித்தால் பிராசஸர்தான் முட்டுக்கட்டை, கார்டோட பலமே தெரியாது. 5060-ஐ 4கே-யில் ஓட்டிக் காட்டுவதும் வாங்குறவருக்கு உதவாது. இதில் டிஎல்எஸ்எஸ் வேற. பெர்ஃபாமன்ஸ் மோடில் '4கே' என்று சார்ட்டில் இருந்தாலும், கார்டு உண்மையில் வரைவது 1080பி படம்தான்!

அதியன்னூரிலிருந்து டெக்னோபார்க் போய்வருபவரோ, சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசுபவரோ, வீட்டு மானிட்டர் 1080பி என்றால் அந்த சார்ட்டில் சராசரியை விட 1% லோ எண்ணைப் பாருங்க. சீக்கிரம் 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தா, 16 ஜிபிக்கே போயிடுங்க.