கடைசி இடமும் 'தகுதி'ப் பேச்சும்

2024-25 ஐஎஸ்எல் பருவத்தில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 13 அணிகளில் கடைசி. 24 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 புள்ளிகள். அந்த இரண்டில் ஒன்று சென்னைக்கே வந்து சென்னையின் எஃப்சியை வீழ்த்தியது. பருவம் முடிந்ததும் கால்பந்து பார்க்கும் நண்பர்கள் சிலர் சொன்னது: "தகுதி இல்லாதவங்களை மேல ஏத்திவிட்டா இப்படித்தான்."

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். இட ஒதுக்கீட்டில் உள்ளே வந்த எவருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல.

சரி, தகுதியையே பேசுவோம். 1891இல் தொடங்கிய முகமதன்தான் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அதுவரை பிரிட்டிஷ் ராணுவ அணிகளும் வெள்ளையர் கிளப்புகளும் கைக்குள் வைத்திருந்த பட்டம் அது. நீண்ட சரிவுக்குப் பிறகு 2023-24 ஐ-லீக்கை ஜெயித்துத்தான் ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்தது.

மற்றவர்கள் எப்படி நுழைந்தார்கள்? 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய ஐஎஸ்எல்லில் பணம்தான் நுழைவுச்சீட்டு. 2017இல் மிசோரமின் ஐசால் ஐ-லீக் சாம்பியன், கதவு திறக்கவில்லை. 2019இல் கோவையில் ஆடிய சென்னை சிட்டி சாம்பியன், திறக்கவில்லை. 2021, 2022இல் கோகுலம் கேரளா, அப்போதும் இல்லை. 2020 சாம்பியன் மோகன் பகான் மட்டும் உள்ளே போனது. அதுவும் ஏடிகே முதலாளியோடு இணைந்ததால்! ஜெயித்தால் மேலே வரலாம் என்பது 2023இல்தான் நடந்தது. முதலில் பஞ்சாப், அடுத்தது முகமதன்.

இன்னொரு கணக்கு. 2023-24இல் ஐதராபாத் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு கடைசி. அங்கேயும் சம்பளப் பாக்கி. 'பணப் பிரச்சினை, பாவம்' என்றார்கள் இதே நண்பர்கள். தகுதி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

முகமதன் நிர்வாகத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. சம்பளம் வரவில்லை என்று 2025 ஜனவரியில் பயிற்சியாளர் செர்னிஷோவ் விலகினார். கூலி தராமல் ஆடச் சொல்வது சுரண்டல். பழம்பெருமை பேசி அதை மூட முடியாது. ஆனால், அது கூலிப் பிரச்சினை. அதை ஆட்டக்காரர்களின் தகுதிப் பிரச்சினையாக மாற்றுவது யார் வசதிக்கு?

ஐஎஸ்எல்லும் சாதியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால், பேச்சு ஒன்றுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பவன் தோற்றால் சூழ்நிலை. கீழிருந்து வந்தவன் தோற்றால் பிறவிக் குணம். சாதி நமக்குப் பழக்கிவிட்ட கணக்கு இது.

போட்டி கடுமையாகட்டும், நல்லது. அதற்குச் சம்பள உத்தரவாதம் வேண்டும், வருவாயில் நியாயமான பங்கு வேண்டும், மேலேற்றமும் கீழிறக்கமும் எல்லா அணிக்கும் பொதுவாக வேண்டும். அதுவரை யாராவது தகுதி பேசினால் திருப்பிக் கேளுங்கள், தோழர்களே: கதவு எத்தனை வருடம் பூட்டியிருந்தது? பூட்டியது யார்?